பஞ்சு போக மீதி: வாசகர் கேள்வி – பதில்

பருத்தியில் பஞ்சு தவிர்ந்த பாகங்கள் உழவருக்குக் காசாகுமா என்று கேட்டு வந்த கடிதங்களிலிருந்து சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கடிதம் எழுதியோரில் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர், மாடு வளர்ப்பவர், கோழி வளர்ப்பவர், புறக்கோட்டை வியாபாரி என்று பலரும் இருக்கிறார்கள். கேள்வி வந்த ஒழுங்கிலேயே பதில்களும் வருகின்றன.

கேள்வி: தன்சானியாவில் பருத்தி உழவர் கூட்டுறவு ஒன்றுடன் வேலை செய்யப் போகிறேன். ஒரு ஹெக்டயரில் பஞ்சைத் தவிர என்ன மிஞ்சும்? எதில் முதலில் கை வைப்பது? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: முதலில் எல்லாவற்றையும் தராசில் வைத்துப் பார்ப்போம். மானாவாரி நிலத்தில் ஹெக்டயருக்கு 1,000 கிலோ பருத்தி எடுத்ததாக வையுங்கள். இது கொட்டையோடு சேர்ந்த எடை. ஜின்னிங் ஆலையில் பிரித்தால் பஞ்சு 380 முதல் 420 கிலோ வரும். கொட்டை ஏறக்குறைய 550 கிலோ. எஞ்சியது சருகும் தூசும் ஈரமும். அதாவது உழவர் தராசில் ஏற்றுவதில் பாதிக்கு மேல் கொட்டைதான்.

அந்தக் கொட்டை முழு வசதியுள்ள எண்ணெய் ஆலைக்குப் போனால் 100 கிலோவுக்கு எண்ணெய் 16 கிலோ, புண்ணாக்கு 45 கிலோ, மேல்தோல் 26 கிலோ, ஆலைக்காரர் லிண்டர் என்று சொல்லும் குறும்பஞ்சு 8 அல்லது 9 கிலோ கிடைக்கும். வயலிலோ இன்னும் 2 முதல் 3 தொன் காய்ந்த தண்டு நிற்கும். தமிழ்நாட்டில் இதைப் பருத்திமார் என்பார்கள். கரிசல் காட்டு வீடுகளில் நெடுங்காலமாக இதுவே அடுப்பு விறகு.

கை வைக்க வேண்டிய முதல் இடம் இயந்திரம் அல்ல, விலைப் பேச்சு. பெரும்பாலான இடங்களில் கொட்டையோடு சேர்த்து ஒரே விலைக்குப் பருத்தி வாங்கப்படுகிறது. கொட்டை விற்ற காசு ஆலையின் கணக்கில் போய்விடுகிறது. கூட்டுறவு ஆலைக்காரரிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். 100 கிலோவுக்குப் பஞ்சு எத்தனை கிலோ வருகிறது? கொட்டையை என்ன விலைக்கு விற்கிறீர்கள்? கூலிக்கு மட்டும் பஞ்சையும் கொட்டையையும் பிரித்துத் தருவீர்களா? கூலிக்குப் பிரித்து, இரண்டையும் திருப்பி எடுத்துக்கொள்ள முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. முடியாவிட்டாலும், கொட்டையின் சந்தை விலை தெரிந்தவர்கள் பேசுகிற பேச்சுக்கும் தெரியாதவர்கள் பேசுகிற பேச்சுக்கும் ஆலையில் கிடைக்கும் மரியாதை வேறு.

கொட்டை கைக்கு வந்தபின் அதைக் கெடுப்பது ஈரம். ஈரப்பதன் 10 வீதத்துக்குள் இருக்க வேண்டும். 12ஐத் தாண்டினால் குவியலுக்குள் சூடு பிறக்கும், எண்ணெயில் கொழுப்பமிலம் கூடும், பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத்தோடு அப்ளாடொக்சின் என்ற நஞ்சும் வரும். பல்லால் கடித்துப் பாருங்கள். காய்ந்த கொட்டை சட்டென்று உடையும், ஈரக் கொட்டை நசுங்கும். கடிக்கும் முன் ஒன்று: சிவப்போ பச்சையோ நீலமோ சாயம் பூசிய கொட்டை விதைப்புக்காக நஞ்சூட்டியது. அதை வாயில் வைக்கவும் கூடாது, மாட்டுக்கும் கொடுக்கக் கூடாது, எண்ணெய்க்கும் சேர்க்கக் கூடாது.

குவியலைச் சோதிக்க இரண்டு மீற்றர் இரும்புக் கம்பி போதும். நடுவில் செருகிப் பத்து நிமிடம் விட்டு இழுத்து, நுனியை உள்ளங்கையில் பிடியுங்கள். கை சூட்டைவிடச் சுட்டால் அன்றைக்கே குவியலைக் கலைத்துப் பரப்ப வேண்டும். நாளைக்கு என்று விட்டால் நடுக்கொட்டை கறுத்துவிடும். பருத்தி எடுக்கும்போதே பனி காய்ந்த பிறகு எடுப்பதும், சணல் சாக்கில் அல்லது பருத்திச் சாக்கில் கட்டுவதும் இந்தத் தொல்லையில் பாதியைக் குறைக்கும். பொலித்தீன் சாக்கின் நார் பஞ்சோடு கலந்தால் நூல் ஆலையில் விலையும் இறங்கும்.

அடுத்தது கால்நடைத் தீவனம், பிறகு தண்டில் காளான், அதற்குப் பிறகு விறகுக் கட்டி. எண்ணெய் கடைசி. ஏன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: சிறு எண்ணெய் ஆட்டும் இயந்திரங்களை ஆபிரிக்க நாடுகளுக்கு அனுப்ப எண்ணுகிறேன். எள்ளு, கச்சான் ஆட்டும் இயந்திரத்தில் பருத்திக் கொட்டையும் ஆட்டலாமா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: ஆட்டலாம். ஆனால் வருகிற எண்ணெயைச் சமையலுக்கு விற்கக் கூடாது. பருத்திக் கொட்டையின் பருப்பில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் கொசிப்போல் என்ற மஞ்சள் நிறமி இருக்கிறது. பூச்சியை விரட்டச் செடி வைத்திருக்கும் நஞ்சு அது. மனிதருக்கும் நல்லதல்ல. சீனாவில் சுத்திகரிக்காத பருத்தி எண்ணெயில் சமைத்த கிராமங்களில் ஆண்களுக்குக் குழந்தைப் பேறு குறைந்ததைக் கண்டு, 1970களில் இதையே ஆண்களுக்கான கருத்தடை மருந்தாக 8,000க்கும் மேற்பட்டவர்களிடம் பரிசோதித்தார்கள். சிலருக்கு இரத்தத்தில் பொற்றாசியம் இறங்கியது. சிலருக்கு மருந்தை நிறுத்திய பிறகும் ஆண்மை வளம் திரும்பவில்லை. அதனால் கைவிட்டார்கள்.

ஆலைகள் இதை எப்படி நீக்குகின்றன? செங்கபில நிறமுள்ள, சுத்திகரிக்காத எண்ணெயின் அமிலத்தை அளந்து, அதற்குக் கணக்காகக் கோஸ்டிக் சோடாக் கரைசல் விட்டுச் சூடாக்கிக் கலக்குகிறார்கள். கொசிப்போலும் கொழுப்பமிலமும் சவர்க்காரக் கசடாகப் பிரிகின்றன. பிறகு வெந்நீரில் கழுவி, உலர்த்தி, நிறம் நீக்கும் மண்ணில் வடித்து, வெற்றிடத்தில் 200 பாகைக்கு மேல் நீராவி செலுத்தி மணம் நீக்குகிறார்கள். இந்த வரிசையைக் கிராமத்துக் கொட்டிலில் செய்ய முடியாது. சோடாக் கழுவல் வரை செய்து எண்ணெய் வெளுத்ததும் சுத்தமாகிவிட்டது என்று விற்பவர்கள் உண்டு. எஞ்சிய கொசிப்போலை ஆய்வுகூடத்தில் அளக்காமல் அப்படிச் சொல்ல முடியாது.

இயந்திரத்துக்கும் சிக்கல் இருக்கிறது. எள்ளு தானாக வழுகி இறங்கும். பருத்திக் கொட்டையின் மேல் குறும்பஞ்சு இருப்பதால் தொட்டியின் வாயில் ஒன்றோடொன்று பின்னிப் பாலம் போல நிற்கும். ஒருவர் தடியோடு பக்கத்தில் நிற்க வேண்டும். தடித்த மேல்தோலால் கொட்டையை நசுக்கும் திருகு தேயும். பஞ்சும் தோலும் எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், தோல் நீக்காமல் ஆட்டினால் 100 கிலோவுக்கு 10 முதல் 12 கிலோ எண்ணெய்தான் எதிர்பார்க்கலாம். எனவே கொட்டை உடைக்கும் இயந்திரத்தையும் சலிக்கும் சல்லடையையும் சேர்த்தே விற்க வேண்டும். தோலை முழுக்க நீக்கினாலும் பிழை. வெறும் பருப்பு களியாகித் திருகில் வழுகும், எண்ணெய் வடியாது. கொஞ்சம் தோல் இருந்தால்தான் பிடிமானம்.

அப்படியானால் சிறு இயந்திரத்தால் பயனே இல்லையா? சவர்க்காரத்துக்கு உண்டு. மாலி போன்ற நாடுகளில் பருத்தி எண்ணெயில் துணி தோய்க்கும் சவர்க்காரம் செய்வது பழகிய தொழில். பருத்தி எண்ணெய் மட்டும் போட்டால் கட்டி இளக்கமாக வரும். 7 கிலோ பருத்தி எண்ணெய்க்கு 3 கிலோ தேங்காய் எண்ணெய் சேர்த்தால் இறுகும், நுரையும் வரும். இந்த 10 கிலோவுக்குக் கோஸ்டிக் சோடா 1.44 கிலோ, தண்ணீர் 3.5 லீற்றர். சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, சோடா அதை அரித்து எரியக்கூடிய வாயுவைக் கிளப்பும். கரைசலும் எண்ணெயும் 40 பாகையளவுக்கு ஆறியதும் கலந்து, பாயாசம் போலத் தடித்து வரும் வரை கிண்டி, அச்சில் ஊற்றுங்கள். இரண்டு நாளில் வெட்டலாம். நான்கு முதல் ஆறு வாரம் காற்றில் அடுக்கி வைத்த பிறகே விற்க வேண்டும். அதற்கு முன் கொடுத்தால் தோய்ப்பவரின் கை எரியும்.

கேள்வி: கிளிநொச்சியில் அண்ணா நான்கு பசு வைத்திருக்கிறார். பருத்திப் புண்ணாக்கும் பருத்திக் கொட்டையும் மலிவாகக் கிடைத்தால் போடலாமா? எவ்வளவு போடலாம்? (வாசகி, வத்தளை)

பதில்: போடலாம். அசை போடும் வளர்ந்த மாடு கொசிப்போலை ஓரளவு தாங்கும். இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதைப் புரதத்தோடு பிணைத்துவிடுகின்றன. முழுக் கொட்டையில் புரதம் 23 வீதமும் கொழுப்பு 20 வீதம் அளவிலும் இருக்கின்றன. பஞ்சு நாரும் சேர்ந்து வருவதால் பாலின் கொழுப்பு இறங்காமல் காக்கும். தோலோடு ஆட்டிய புண்ணாக்கில் புரதம் 22 முதல் 24 வீதம். தோல் நீக்கி ஆட்டியதில் 40க்கு மேல். இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்லி விற்பார்கள். வாங்கும்போது எந்தப் புண்ணாக்கு என்று கேளுங்கள்.

அண்ணாவின் பசு ஒன்று நாளொன்றுக்கு 8 முதல் 10 லீற்றர் கறந்தால், தோலோடு ஆட்டிய புண்ணாக்கு ஒன்றரைக் கிலோ வரை, அல்லது முழுக் கொட்டை 2 கிலோ வரை. இரண்டையும் ஒரே நாளில் இந்த அளவுக்குப் போடக் கூடாது. முதல் நாள் 250 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள். திடீரென்று ஏற்றினால் கொழுப்பு கூடி மாடு புல்லைத் தள்ளும், சாணி இளகும். கூட்டிய பிறகும் வைக்கோல், புல் குறையக் கூடாது. தமிழ்நாட்டில் கொட்டையை இரவு ஊறவைத்து ஆட்டுரலில் அரைத்துக் காலையில் வைப்பார்கள். அரைத்ததை அன்றே முடிக்க வேண்டும், மறுநாள் புளித்துவிடும்.

யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். நான்கு மாதம் ஆகாத கன்றுக்கு ஒரு பிடியும் வேண்டாம், அதன் இரைப்பை இன்னும் முதிரவில்லை. சினைக்கு விடும் காளைக்கு வேண்டாம், விந்து கெடும். பன்றிக்கு வேண்டவே வேண்டாம். வளர்ந்த ஆட்டுக்குப் புண்ணாக்கு 100 முதல் 150 கிராம் போதும். நஞ்சு ஒரே நாளில் காட்டாது. வாரக்கணக்கில் சேர்ந்து இதயத்தைத் தாக்கும். மூச்சு வாங்குதல், தீன் குறைதல், கழுத்தின் கீழ் வீக்கம், நன்றாக நின்ற கன்று திடீரென்று விழுதல் என்று வரும். வெயில் பட்டதால் விழுந்தது என்று நினைத்துத் தீவனத்தை அப்படியே தொடர்ந்தால் அடுத்த கன்றும் போகும். இப்படிக் கண்டால் தீவனத்தை நிறுத்திவிட்டு மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

புண்ணாக்கைத் தட்டி உடைத்துப் பாருங்கள். உள்ளே மஞ்சள் கலந்த கபிலம், மணம் இனிமையாக இருந்தால் நல்லது. கறுத்துக் கருகிய மணம் வந்தால் ஆட்டும்போது சூடு மீறி லைசீன் என்ற அமினோ அமிலம் வீணாகியிருக்கிறது. பச்சை, சாம்பல் பூசணம் ஒரு மூலையில் கண்டாலும் அந்த மூட்டையை விட்டுவிடுங்கள். பூசணத்தைச் சுரண்டிவிட்டுப் போடலாம் என்பது தவறு, அப்ளாடொக்சின் பாலுக்கும் வரும். ஒரு பிடியைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கலக்கி அசையாமல் வையுங்கள். மணல் அடியில் தங்கும், மரத்தூள் மேலே மிதக்கும்.

கேள்வி: முட்டைக் கோழித் தீனியில் பருத்திப் புண்ணாக்குக் கலந்தோம். சில நாள் வைத்த முட்டையை உடைத்தால் மஞ்சள் கரு பச்சையாக இருக்கிறது என்று கடைக்காரர் திருப்பி அனுப்புகிறார். (வாசகர், ஜா-எல)

பதில்: கொசிப்போல் மஞ்சள் கருவிலுள்ள இரும்போடு சேர்ந்து ஒலிவ் பச்சையாகிறது. புதிதாக இட்ட முட்டையில் தெரியாது, வைக்க வைக்கத் தெரியும். அதனால்தான் உங்கள் கண்ணில் படாமல் கடைக்காரர் கண்ணில் பட்டது. வெள்ளைக் கரு இளஞ்சிவப்பாவதும் உண்டு. அதற்குக் காரணம் பருத்தி எண்ணெயிலுள்ள வேறு சில கொழுப்பமிலங்கள். இரும்புச் சல்பேற்றுச் சேர்த்துக் கொசிப்போலைப் பிணைக்கலாம், பெரிய தீவன ஆலைகள் அப்படிச் செய்கின்றன. ஆனால் கொசிப்போல் எவ்வளவு என்று அளக்காமல் இரும்பை அளக்க முடியாது. அந்த வழி இளஞ்சிவப்பு வெள்ளைக் கருவையும் தடுக்காது. முட்டைக் கோழிக்கு இந்தப் புண்ணாக்கை முற்றாக நிறுத்துங்கள். கருவில் ஏற்கெனவே சேர்ந்தது கழிய வேண்டுமென்பதால் நிறுத்திய மறுநாளே நிறம் திரும்பாது. சில வாரத்துக்கு முட்டையைப் புதிதாகவே விற்றுவிடுங்கள்.

கேள்வி: மதுரையில் பருத்திப்பால் என்று தெருவில் விற்கிறார்களே. கொட்டை நஞ்சு என்றால் அது எப்படி? (வாசகி, பம்பலப்பிட்டி)

பதில்: கொட்டையை ஊறவைத்து அரைத்து, பாலை மட்டும் பிழிந்து, வெல்லமும் சுக்கும் அரிசி மாவும் சேர்த்து நன்றாகக் கொதிக்க வைக்கிறார்கள். சூட்டில் கொசிப்போலின் ஒரு பகுதி புரதத்தோடு பிணைந்துவிடும். குடிப்பதும் எப்போதாவது ஒரு குவளை. அதை நாள்தோறும் ஒரு குடும்பமே சமைக்கும் எண்ணெயோடு ஒப்பிடக் கூடாது. வீட்டில் செய்ய விரும்பினால் உணவுக்கென விற்கும் கொட்டை மட்டுமே. விதைக் கடைக் கொட்டை வேண்டாம்.

கொட்டையில் கொசிப்போல் மிகக் குறைவாக உள்ள பருத்தியையும் உருவாக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்தில் கீர்த்தி ரத்தோர் குழுவினர் உருவாக்கிய இந்த வகைக்கு அந்நாட்டு வேளாண்மைத் துறை 2018இலும் உணவு, மருந்து நிர்வாகம் 2019இலும் இசைவு தந்தன. இலையிலும் தண்டிலும் நஞ்சு அப்படியே இருக்கும், கொட்டையில் மட்டும் இராது. முன்பு சுரப்பியே இல்லாத பருத்தியை வளர்த்தபோது பூச்சியும் எலியும் தின்று தீர்த்ததால் இந்த ஏற்பாடு. ஏழை நாட்டு உழவர் வயலுக்கு இது வந்து சேர்ந்தால் கொட்டையின் விலையே மாறும் என்று நம்புகிறோம்.

கேள்வி: மரத்தூளில் சிப்பிக்காளான் வளர்க்கிறேன். பருத்தித் தண்டில் வளருமா? தென்னிந்தியாவில் உறவினர் ஒருவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். (வாசகி, தெஹிவளை)

பதில்: நன்றாக வளரும். சிறிய முதலீட்டில் தண்டிலிருந்து விரைவாகக் காசு பார்க்கும் வழி இதுதான் என்பது எங்கள் முடிவு. ஆனால் நீங்கள் இங்கே செய்யும் முறையை அப்படியே சொல்லிக் கொடுக்காதீர்கள். 10 கிலோ மரத்தூளுக்கு ஒரு கிலோ தவிடு சேர்த்துப் பரலில் மணிக்கணக்காக நீராவியில் அவிப்பது நம் வழக்கம். தண்டை வெந்நீரில் மட்டும் பதப்படுத்தும்போது தவிடு சேர்த்தால் பச்சைப் பூசணத்துக்கு விருந்து வைத்தது போலாகும். தவிடு வேண்டாம்.

தண்டைத் தெரிவதில் தொடங்குவோம். இலையும் காயும் உதிர்ந்து வெயிலில் முறியக் காய்ந்த தண்டாக இருக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் பூச்சிமருந்து அடித்த வயலின் தண்டைத் தொடாதீர்கள், காளான் அதையும் உறிஞ்சும். மண் ஒட்டிய வேரை வெட்டி எறிந்துவிட்டு, 2 முதல் 3 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டுங்கள். விரல் தடிப்புள்ள அடித்தண்டைச் சுத்தியலால் நசுக்குவது நல்லது. முழுதாக விட்டால் நடுவில் தண்ணீர் ஏறாது, காளானின் வெண்ணிழையும் ஏறாது.

துண்டுகளைச் சாக்கில் கட்டி, மேலே கல் வைத்து 16 மணி நேரம் தண்ணீரில் அமுக்கி வையுங்கள். வைக்கோலுக்கு எட்டு மணி நேரம் போதும். இது மரம், மெல்லத்தான் குடிக்கும். பிறகு வடித்து, 80 பாகை வெந்நீரில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்துங்கள். அடுப்பை விட்டு நகராமல் வெப்பமானியால் பார்க்க வேண்டும். 60க்கு இறங்கினால் பூசண வித்து தப்பிவிடும். எடுத்துச் சுத்தமான விரிப்பில் பரப்பி ஆறவிடுங்கள். ஒரு பிடியை இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி மட்டும் கசிய வேண்டும். ஒழுகினால் இன்னும் உலர்த்துங்கள். ஈரம் கூடிய பையின் அடியில் புளித்த நாற்றம் எடுக்கும்.

35க்கு 60 சென்ரிமீற்றர் பொலித்தீன் பையில் 5 கிலோ ஈரத் தண்டுக்கு 150 கிராம் காளான் வித்து. ஒரு அடுக்கு தண்டு, ஓரத்தைச் சுற்றி வித்து, மீண்டும் தண்டு என்று அழுத்தி நிரப்பிக் கட்டி, பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு ஊசித் துளை இடுங்கள். 25 பாகை அளவுள்ள இருட்டறையில் 18 முதல் 22 நாளில் பை முழுக்க வெண்மையாகும். பிறகு பையைக் கீறி, வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் தொங்கவிட்டுத் தரையையும் சுவரையும் நனைத்து ஈரப்பதனை 85 வீதத்தில் வையுங்கள். ஒரு வாரத்துக்குள் மொட்டு வரும்.

கோளாறுகள் காளானிலேயே தெரியும். காம்பு நீண்டு குடை சிறுத்தால் அறையில் காற்றோட்டம் போதாது. ஓரம் மஞ்சளாகிச் சுருண்டால் ஈரம் போதாது. குடையின் மேல் நேராகத் தண்ணீர் தெளித்தால் அழுகும். பச்சைப் புள்ளி விழுந்த பையை அறைக்குள்ளேயே திறக்காதீர்கள். வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள்.

மூன்று அறுவடையும் சேர்த்து, ஒரு கிலோ உலர் தண்டுக்கு 300 கிராம் என்று கணக்கிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். கைத்திறன் வந்தால் அதற்கு மேல் எடுக்கலாம், ஆனால் கடன் வாங்கும்போது 300ஐ வைத்தே கணக்குப் போட வேண்டும். விற்கும் இடமும் பக்கத்தில் வேண்டும். குளிர்ப்பெட்டி இல்லாமல் காளான் ஒரு நாளைக்கு மேல் நிற்காது. பை தீர்ந்த தண்டு மென்மையாகிவிடும். அதைச் சாணியோடு சேர்த்தால் காளான் வளர்க்காத தண்டைவிட விரைவாகக் கூட்டெருவாகும்.

கேள்வி: தண்டை அழுத்தி விறகுக் கட்டியாக்கி ஆலைகளுக்கு விற்கும் திட்டம் ஒன்றில் முதலிடச் சொல்லி நண்பர் அழைக்கிறார். மணிக்கு ஒரு தொன் தரும் இயந்திரமாம். (வாசகர், கொழும்பு 13)

பதில்: இயந்திரத்தின் விலையை விட்டுவிட்டு முதலில் தண்டைக் கணக்கிடுங்கள். நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் ஓடினால் 1,600 தொன் தண்டு வேண்டும். ஹெக்டயருக்கு 2 தொன் கையில் வந்தால் 800 ஹெக்டயர். ஒரு உழவருக்கு ஒரு ஹெக்டயர் என்றால் 800 குடும்பத்தோடு ஒப்பந்தம். தண்டு வருவதோ அறுவடை முடிந்த இரண்டொரு மாதத்தில் மட்டும். வருடம் முழுவதுக்கும் சேர்த்து அப்போதே வாங்கி, மழை படாமல் அடுக்கி வைக்க வேண்டும். அந்தக் கொட்டகையும் கொள்முதல் காசும் நண்பரின் திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது தூரம். முழுத் தண்டை லொறி நிறைய ஏற்றினாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் காற்றுத்தான். டீசல் காசு தண்டின் விலையைத் தின்றுவிடும். ட்ராக்டரில் பூட்டும் வெட்டும் இயந்திரத்தை வயலுக்குக் கொண்டுபோய்ச் சில்லாக்கி ஏற்ற வேண்டும்.

பிடுங்கிய தண்டில் பாதி எடை தண்ணீர். மூன்று நான்கு வாரம் வெயிலில் நின்ற பிறகு சில்லாக்கி, அழுத்தும்போது ஈரம் 8 முதல் 12 வீதத்துக்குள் இருக்க வேண்டும். பசை எதுவும் வேண்டாம்; சூட்டிலும் அழுத்தத்திலும் தண்டிலுள்ள லிக்னின் என்ற பொருள் இளகிப் பிணைத்துவிடும். ஈரம் 15ஐத் தாண்டினால் உள்ளே நீராவி பிறந்து கட்டி வெளியே வரும்போதே வெடிக்கும். மிகக் காய்ந்தால் உதிரும். பருத்தித் தண்டுக்கே உரிய தொல்லை அதன் பட்டை. அது நார் நாராக உரிந்து அரைக்கும் இயந்திரத்தின் சல்லடையில் சணல் போலச் சுற்றும். மரக் கழிவுக்குச் செய்த சல்லடையோடு வந்தால் ஒரு மணிக்கு ஒரு தடவை நிறுத்திக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டிவரும். நண்பர் காட்டும் இயந்திரத்தில் மரத்தூளை அல்ல, பருத்தித் தண்டைப் போட்டு ஒரு நாள் முழுக்க ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வேரோடு வரும் மண் அச்சைத் தேய்க்கும், அதற்கான உதிரிப் பாகச் செலவையும் கேளுங்கள்.

எரிசக்தியில் கட்டி குறைந்ததல்ல. கிலோவுக்குச் சுமார் 4,000 கிலோ கலோரி, அதாவது ஏறக்குறைய 2.3 கிலோ கட்டி ஒரு லீற்றர் உலை எண்ணெய்க்கு ஈடு. உங்கள் விலை அந்த ஈட்டைவிடத் தெளிவாகக் கீழே இருந்தால்தான் ஆலைக்காரர் கொதிகலனை மாற்றுவார். மும்பையில் 1924இல் தொடங்கிய மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் தண்டிலிருந்து பலகை, விறகுக் கட்டி, காளான் என்று நீண்ட காலமாக வேலை செய்து வருகிறது. காசு போடும் முன் அவர்களின் அனுபவத்தைக் கேட்பது வீண் போகாது.

கேள்வி: தைத்தல் ஆலைகளின் வெட்டுத் துண்டுகள் கிலோக் கணக்கில் வருகின்றன. இதுவும் பருத்திக் கழிவுதானே? காளானுக்குப் போகுமா? (வியாபாரி, புறக்கோட்டை)

பதில்: காளானுக்குப் போவது நூல் ஆலையின் சாயமேறாத பஞ்சுக் கழிவு. உங்கள் துண்டுகளில் சாயமும் பொலியெஸ்டரும் கலந்திருக்கும். உங்கள் சந்தை பஞ்சிகாவத்தைப் பக்கத்து மோட்டர்க் கராஜ்களும் அச்சகங்களும்தான். எண்ணெய் துடைக்கப் பருத்தித் துணியே வேண்டும், பொலியெஸ்டர் எண்ணெயை இழுக்காமல் பூசிவிடும். பிரிப்பதற்கு ஒரு நூலை இழுத்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். கடதாசி மணத்தோடு எரிந்து ஊதினால் பறக்கும் சாம்பலானால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் பொலியெஸ்டர். இரண்டும் தெரிந்தால் கலப்பு. வெள்ளைப் பருத்தியைத் தனியாகக் கட்டினால் தனி விலை கேட்கலாம்.

கேள்வி: தண்டை எல்லாம் விற்றுவிட்டால் மண்ணுக்கு என்ன மிஞ்சும்? எரித்துவிடுவது நல்லது என்றும் சொல்கிறார்களே. (மாணவி, கல்கிசை)

பதில்: எரிக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு, எஞ்சிய காய்க்குள்ளும் கொட்டைக்குள்ளும் அடுத்த பருவம் வரை உறங்கிக் கிடக்கும். பழைய செடி நின்றால் தளிர்த்து வெள்ளை ஈயையும் வளர்க்கும். எனவே கடைசிப் பருத்தி எடுத்ததும் தண்டை வேரோடு பிடுங்கி வயலைக் காலியாக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. மண் ஈரமாக இருக்கும்போது கைக் கொக்கியால் பிடுங்கினால் முதுகு நோகாது. காய்ந்து இறுகினால் தண்டு அடியில் முறிந்து வேர் உள்ளே நின்றுவிடும்.

பிடுங்கியதை எரிக்கத் தேவையில்லை. ஆடுகளை வயலில் விட்டு எஞ்சிய காயையும் இலையையும் மேயவிடுங்கள், குட்டிகளை மட்டும் விலக்கி. உதிர்ந்த இலை மண்ணிலேயே இருக்கட்டும், தண்டைவிட அதில்தான் நைதரசன் கூட. தண்டில் மூன்றில் ஒரு பங்கையாவது சில்லாக்கிக் கூட்டெருவுக்கு வையுங்கள். தண்டு காபன் மிகுந்தது, தனியே குவித்தால் ஆண்டு கடந்தும் அப்படியே கிடக்கும். ஒரு தொன் சில்லுக்கு அதே அளவு ஈரச் சாணியும் 5 கிலோ யூரியாவும் சேர்த்து, பிழிந்தால் கை நனையும் ஈரத்தில், ஒன்றரை மீற்றர் உயரக் குவியலாக்குங்கள். உட்சூடு 55 பாகைக்கு மேல் ஏற வேண்டும். அந்தச் சூட்டில்தான் புழுவும் பூசணமும் சாகும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெளிப்புறம் உள்ளே போகும்படி புரட்டினால் மூன்று நான்கு மாதத்தில் கறுத்து உதிரும். விற்ற தண்டோடு போகும் பொற்றாசியத்துக்கு ஈடாக அடுப்புச் சாம்பலை அடுத்த விதைப்புக்கு முன் தூவலாம்.